மூக்கில் கட்டி எடுத்த பின்: காதுத் தோலா, கன்னத் தோலா, நெற்றித் தோலா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் காலமெல்லாம் வெயிலில் பாடுபட்டவர்களின் மூக்கில் ஆறாமல் நிற்கும் கருத்த பரு, மருதானே என்று விடப்படுவதுண்டு. சதைப் பரிசோதனையில் அது பேசல் செல் புற்று எனும் தோல் புற்றுநோய் என்று தெரிந்து வெட்டி எடுத்தபின், அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்வி எழுகிறது. வெட்டிய விளிம்புகளில் புற்று மிச்சமில்லை என்று பரிசோதனை அறிக்கை உறுதி செய்த பிறகு மூடுவதே முறை. இல்லாவிட்டால், எஞ்சிய புற்று புதுத் தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

காதின் முன்னிருந்தோ பின்னிருந்தோ எடுத்து ஒட்டும் தோலுக்கு மரப்பு ஊசியும் ஒரே அறுவையும் போதும். மூக்குத் தண்டிலும் பக்கவாட்டிலும் உள்ள ஆழமில்லாத காயத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் நுனியின் தடித்த தோலுக்கு நடுவே அது மெலிந்து பள்ளமாகத் தெரியும். நம் மாநிறத்தில் ஒட்டிய இடம் கருத்துத் திட்டாக நிற்பதும் உண்டு.

கன்னத்து மடிப்பை ஒட்டிய தோலைத் திருப்பி வைப்பது, மூக்குத்தி குத்தும் மடல் பகுதிக்கு உகந்தது. தழும்பு மடிப்பிலேயே மறைந்துவிடும். எனினும் ஆண்களுக்குத் தாடிமயிர் மூக்கில் முளைக்கலாம். மடலும் சற்று உப்பலாம்.

நுனியோ மடலோ பெரிதாக, ஆழமாகப் போயிருந்தால், நெற்றித் தோலே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நிறமும் தடிமனும் மூக்கோடு ஒத்துப்போவதோடு, புருவத்தின் உள்முனையருகே ஏறும் இரத்தக் குழாயும் தோலோடு சேர்ந்தே வருவதால், மூக்குக்குத் தாங்கலாக உள்ளே வைக்கும் காதுக் குருத்தெலும்பையும் அது போர்த்திக் காக்கும். விலை பொறுமைதான்: புருவத்திலிருந்து மூக்குவரை விரலளவு தோல்தண்டு மூன்று வாரம் போலத் தொங்கும், அதன் புண்ணான பக்கம் கசியும், கண்ணாடி அணிவது சிரமம், பிறகு அதைத் துண்டிக்க இரண்டாம் அறுவை வேண்டும். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மூக்கறுப்புப் போரைக் கண்ட இச்சீமை மக்கள், இது நம் நாட்டிலிருந்தே மேற்கே சென்ற முறை என்பதை அறிய வேண்டும். புனேயருகே நடந்த இத்தகைய அறுவையைப் பற்றி 1794-இல் லண்டன் இதழொன்றில் வந்த கடிதத்தைத் தொடர்ந்தே, ஆங்கில அறுவை மருத்துவர் கார்ப்யூ 1814-இல் அங்கே இதைச் செய்தார்.

தொங்கும் தோல்தண்டைப் பார்த்து ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, நடுத்தர வயதினர் காதுத் தோலைக் கேட்டு வாங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. மூன்று வாரக் கூச்சத்துக்காக ஆயுளுக்கும் பள்ளமான நுனியோடு இருக்க வேண்டியதில்லை. பீடி, சிகரெட்டை மட்டும் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். புகை இரத்தக் குழாயைச் சுருக்கித் தோலின் முனையைக் கருகச் செய்துவிடும். எண்பதைக் கடந்து, இதய நோயும் இருந்து, கட்டு மாற்ற மதுரைக்கு அழைத்துவர ஆளில்லாத பெரியவருக்கு மட்டும் காதுத் தோலையே நானும் பரிந்துரைப்பேன்.