டர்போ ட்ரெய்னரா, ஸ்மார்ட் பைக்கா? பேஸ்மென்ட்டில் ஆறு குளிர்காலம்

டொராண்டோவில் டிசம்பர் பிறந்தால் சாலையெல்லாம் பனியும் உப்பும்தான். மார்ச் கடைசி வரை நானும் என் மனைவியும் சைக்கிள் மிதிப்பது பேஸ்மென்ட்டில். நான்கு குளிர்காலம் டர்போ ட்ரெய்னரில் ஓட்டினோம்; நம் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி அது. கடந்த இரண்டும் ஸ்மார்ட் பைக்கில், அதாவது வீட்டுக்குள் ஓட்டுவதற்கென்றே செய்த முழு சைக்கிளில்.

விலையில் போட்டியே இல்லை. வீட்டுக்குள் ஓட்டுபவர்களுக்கான மெய்நிகர் சைக்கிள் செயலியான ஸ்விஃப்ட்டின் ஹப் ட்ரெய்னர் 2022இல் 499 அமெரிக்க டாலருக்கு வந்தது. வாஹூ கிக்கர் பைக் 2019இல் வந்தபோது ஏறக்குறைய 3,500 டாலர். இனிதான் முதல் சைக்கிளே வாங்கப்போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நல்ல சைக்கிளும் ஒரு ட்ரெய்னரும் வாங்குங்கள்.

மிதிக்கும் சக்தியைக் காட்டும் வாட் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. உயர்ரக ட்ரெய்னரும் ஸ்மார்ட் பைக்கும் ஒரு சதவீதம் முன்பின்னாகத்தான் காட்டும். கிக்கர் பைக்கின் தனிச்சிறப்பு, ஏற்றத்தில் முன்பக்கம் நிஜமாகவே தூக்கிக்கொள்வது: ஏற்றம் 20 சதவீதம், இறக்கம் 15 சதவீதம் வரை. ஸ்விஃப்ட் செயலியில் உள்ள ஆல்ப் டு ஸ்விஃப்ட் மலைப்பாதையின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இடுப்பு தானாகவே இடம் மாறும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் மாறியதற்குக் காரணம் வேறு. ட்ரெய்னரில் ஒருவர் ஓட்டி முடித்ததும் அந்தச் சைக்கிளை இறக்கி, அடுத்தவருடையதன் பின்சக்கரத்தைக் கழற்றி, செயினை ட்ரெய்னரின் கேசட்டில் (பற்சக்கரத் தொகுதியில்) மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலைதான். வேலை முடிந்து களைத்து வரும் இரவில் அந்தப் பத்து நிமிடத்துக்கே மனம் வராது. பல நாள் அப்படியே படுத்துவிட்டோம். ஸ்மார்ட் பைக்கில் சீட்டையும் ஹேண்டில்பாரையும் நகர்த்தி, ஏறி மிதிக்கலாம்.

அப்புறம் வியர்வை. வீட்டுக்குள் எதிர்காற்று இல்லாததால் ஃபேன் போட்டாலும் சொட்டும். மூன்றாம் வருடம் என் சாலை சைக்கிளின் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்திருந்தது. ட்ரெய்னரில் ஓட்டுபவர்கள் துண்டு விரிப்பதோடு நிற்காமல் வருடம் ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பாருங்கள். இறக்கத்தில் அந்த ஹேண்டில்பாரை நம்பித்தான் போகிறீர்கள்.

ஸ்மார்ட் பைக்கின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். எடை 40 கிலோவுக்கு மேல்; பேஸ்மென்ட் படியில் இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பழுதானால் ட்ரெய்னரைப் போலப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. பந்தயத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க எடுத்துப் போகவும் முடியாது. பெடல் மாட்டும் கையான கிராங்கின் நீளத்தை 165 முதல் 175 மி.மீ. வரை ஐந்து அளவுகளில் வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் பெடலைக் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் மனைவியின் முழங்காலுக்கு ஒத்துவரும் 165இலேயே நானும் ஓட்டுகிறேன்.

2024இல் வந்த ஸ்விஃப்ட் ரைடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிக்கர் கோர் ட்ரெய்னரின் மேல் தனிச் சட்டகம், வந்தபோது இரண்டும் சேர்த்து 1,299 டாலர். சாய்வு கிடையாது, கிராங்க் 170. ஆனால் சக்கரம் கழற்றும் வேலையும் இல்லை, சாலை சைக்கிளில் வியர்வையும் படாது. இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால், முதலில் அந்த 170 கிராங்கில் மனைவியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். முழங்கால் வலிக்கவில்லை என்றால் அதையே வாங்கிவிடுவேன்.