சும்மா நிற்கும் மெஷினுக்கு வேலை தேடித் தரும் ஆப், சேரலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறையில் இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), ஒரு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்). மெஷின் நின்றாலும் இஎம்ஐ நிற்காது, அதனால்தான் பட்டறைகள் மெஷின் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இந்த க்ளவுட் சேவையில் சேர்ந்தோம். பெயர் வேண்டாம், அவர்களிடமிருந்து இன்னும் பாக்கி வரவேண்டியிருக்கிறது.

பார்ட்டின் 3டி டிசைன் இருக்கும் ஸ்டெப் ஃபைலை ஏற்றினால் பார்ட் அளவு, எவ்வளவு மெட்டல் வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டு, அந்த வாரம் காலியாக இருக்கும் மெஷின்களைக் காட்டிவிடுகிறது. எங்களிடம் கிரைண்டிங் கிடையாது, திருமுடிவாக்கத்தில் ஒருவர் உடனே கிடைத்தார். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளிப் பட்டறையில் வேலை செய்து வாங்க, அனுப்பும் சரக்கு ஜிஎஸ்டி விதிப்படி 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும் இல்லையா, சலானும் போட்டு, திரும்பிய எண்ணிக்கையையும் வைத்துக்கொள்கிறது. ஆடிட்டருக்கு ஏக சந்தோஷம்.

ரேட்தான் சரியில்லை. டிராயிங்கில் 20 மைக்ரான் டாலரன்ஸ் (அளவு அவ்வளவுதான் விலகலாம்) என்று தெளிவாக இருந்தும் சாதா வேலைக்கான ரேட்தான் வருகிறது, அப்புறம் சிஎம்எம் என்ற துல்லியமாக அளக்கும் மெஷினில் வைத்து ரிப்போர்ட் எடுப்பது யார் செலவு? கேட்டால் டிக்கெட் போடுங்கள் என்கிறார்கள். இதைவிட மோசம், வேலை எடுக்காத பட்டறையும் கஸ்டமர் டிராயிங்கை டவுன்லோட் செய்ய முடிகிறது! ரகசிய ஒப்பந்தம் போட்ட வேலையை இதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சின்ன லாட், அவசர வேலை என்றால் தாராளமாகச் சேரலாம், 5க்கு 3 கொடுப்பேன். எம்எஸ்எம்இ சட்டப்படி ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் பணம் 45 நாளைத் தாண்டக்கூடாது, சேரும் முன் பேமெண்ட் பக்கத்தை முழுசாகப் படித்துவிடுங்கள்.