செட்டிநாட்டு வீட்டு அறைக்கு எஸ்எச்டி31 ஈரப்பத உணரி

வளவைச் சுற்றிய அறைகளில் தேக்கு அலமாரியையும் ஓலைச்சுவடியையும் காக்க, சென்சிரியானின் எஸ்எச்டி31 உணரியைத் தாராளமாக வாங்கலாம். துல்லியம் ±2%. டிஎச்டி22 என்ற மற்றோர் ஈரப்பத உணரி போல ஒவ்வொரு அளவுக்கும் 2 விநாடி காக்க வேண்டியதில்லை. 3.3 வோல்ட், நான்கு கம்பி போதும். அளவைப் படிக்கும் மின்பலகைக்குச் செல்லும் ஐ2சி தரவுக் கம்பியை மட்டும் ஒரு மீட்டருக்குள் வையுங்கள். நீண்டால் அளவு விட்டுவிட்டு வரும்.

பொருத்துமுன், உணரி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க உப்புச் சோதனை அவசியம். பாட்டில் மூடியில் ஒரு கரண்டி தூள் உப்பு, ஈர மணல்போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர். கரைந்து நீராகிவிடக் கூடாது. கல்லுப்பு வேண்டாம், அதிலுள்ள மக்னீசிய உப்பு அளவைக் குறைத்துக் காட்டும். உணரியோடு காற்றுப்புகா டப்பாவில் 12 மணி நேரம் மூடி வைத்தால், 25 டிகிரியில் 75% காட்ட வேண்டும்.

உணரியின் பெரிய எதிரி அந்துருண்டையும் வார்னிஷும். அந்த ஆவி உணரியில் ஈரத்தை உணரும் பாலிமர் படலத்தில் ஏறி அளவைப் பிசகச் செய்யும். புதிதாக வார்னிஷ் அடித்த அலமாரி என்றால் வாடை போனபின் மாட்டுங்கள்.

ஈரப்பதத்தை அளக்க வேறு வகை உணரியும் உண்டு. பரப்பு ஒலியலை உணரிகள் படிகத்தின் மேல் ஓடும் அலை ஈரத்தால் மெதுவாவதை அளப்பவை. மின்கலமே இன்றி ரேடியோவில் படிக்கலாம். ஆனால் வெப்பம் மாறினாலும் அலை மாறும், அதையும் கழிக்க வேண்டும். வீட்டுக்கு எஸ்எச்டி31 போதும். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி மாட்டுங்கள்.