மாடக்குளம் கண்மாய்க்கரைப் பக்கம் குடியிருக்க வரலாமா?

மதுரையில் வீடு தேடுகிறேன் என்று சொன்னால் ஆளாளுக்கு அண்ணாநகர், கே.கே.நகர், இல்லாவிட்டால் நாகமலை புதுக்கோட்டை என்பார்கள். நான் மாடக்குளம் என்பேன். ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன், எந்தத் தெரு, அந்தத் தெருவுக்கும் கண்மாய்க்கும் என்ன உறவு என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன், ஏனென்றால் இந்த ஊரின் நல்லது கெட்டது ரெண்டுமே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

இடம் தெரியாதவர்களுக்கு: பழங்காநத்தம், பொன்மேனி, எல்லீஸ் நகர் எல்லாம் பக்கம். காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போகிற பைபாஸ் ரோட்டில் மளிகை, மருந்து, துணி, ஹோட்டல் என்று கிடைக்காதது இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான், தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் பஸ் பிடிக்க ஆரப்பாளையமும் தூரமில்லை. சென்னைக்கோ திருநெல்வேலிக்கோ போக மாட்டுத்தாவணி என்றால் மட்டும் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

கண்மாய்க்கு வருகிறேன். சாதாரணக் கண்மாய் இல்லை இது. பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் மதுரையைக் குறிக்கும்போதே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றுதான் வெட்டியிருக்கிறார்கள், அதாவது இந்தக் குளத்தைச் சொல்லித்தான் தலைநகருக்கே அடையாளம் சொன்னார்கள். இன்றைக்கும் தண்ணீர் நிற்கிற மாதங்களில் சாயங்காலம் கரையில் ஒரு நடை போய்ப் பாருங்கள், மேற்கே நாகமலை நீண்டு கிடக்கும், தெற்குப் பக்கம் பசுமலையும் அதற்கப்பால் திருப்பரங்குன்றம் மலையும் தெரியும், காற்று நிற்காது. நீர்க்காகங்கள் சிறகை விரித்து காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நத்தைகுத்தி நாரை சேற்றில் குனிந்து தேடிக்கொண்டிருக்கும். காலையில் அலுமினிய அன்னக்கூடையில் துள்ளத் துள்ள ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும் விற்க வருவார்கள், கொஞ்சம் முந்திப் போனால் விரால் கிடைக்கும். செதில் எடுத்து அங்கேயே ஆய்ந்து கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்து புளி கரைக்க வேண்டியதுதான் பாக்கி. டவுனுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு காலை வேறு எங்கே இருக்கிறது?

அடுத்து தண்ணீர். கண்மாய் பெருகிய வருஷம் சுற்றுவட்டாரத்தில் கிணறும் போரும் நன்றாகச் சுரக்கும், அது வறண்டு கிடக்கிற கோடையில் போர் காற்று வாங்கும், லாரித் தண்ணீருக்குப் போன் போட வேண்டியிருக்கும். கொடிமங்கலம் பக்கம் வைகையிலிருந்து பிரிகிற கால்வாய்தான் இதற்கு வரத்து. அதனால் வைகை அணை நிலவரச் செய்தியை இந்தப் பக்கத்துக்காரர்கள் சும்மா கேட்டுவிட்டுப் போவதில்லை: மொத்தம் 71 அடி, 66 அடி தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, அணை நிரம்பித் திறந்துவிட்டால் ஆற்றில் தண்ணீர் வரும், கால்வாயைத் தூர் வாரி வைத்திருந்தால் நம் கண்மாய்க்கும் வரும். தூர் வாரவில்லை என்றால் அது நேரே கிழக்கே போய்விடும், நாம் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அவர்கள் வீட்டு மோட்டாரில் வருகிற தண்ணீரும் இந்தக் கால்வாயை நம்பித்தானே இருக்கிறது.

சரி, வீடு. கரைக்குக் கீழே இருக்கும் பல தெருக்கள் முன்பு இந்தக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள்தான். வயல் என்றால் களிமண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். கிராவல் அடித்து மேடாக்கி, அஸ்திவாரத்தை ஆழமாக எடுத்துக் கட்டிய வீடு நன்றாக நிற்கிறது, அவசரத்தில் எழுப்பி வாடகைக்கு விட்ட வீட்டில் சுவரில் கோடு விழுகிறது, ஓதம் ஏறுகிறது. வீடு பார்க்கப் போகும்போது தரைத்தளத்தில் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பீரோ நிறுத்துகிற மூலையில் முழங்கால் உயரம் வரை கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்து, நகத்தால் லேசாகச் சுரண்டினால் பெயிண்ட் அப்பளம் மாதிரி உதிர்ந்தால் அந்த வீடு வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பட்டாவோடு புலப்படத்தையும் (மனையின் எல்லைகளை அளந்து வரைந்த சர்வே வரைபடம்) கட்டாயம் எடுத்துப் பாருங்கள், தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்திலேயே கிடைக்கிறது. மனைக்குப் பக்கத்தில் வாய்க்கால் என்று கோடு போயிருந்தால் இப்போது அங்கே சிமெண்ட் ரோடு இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் வைகையின் வடகரையில் செல்லூர் கண்மாயைச் சுற்றி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மடை எங்கே, மறுகால் (கண்மாய் நிரம்பி வழிகிற தண்ணீர்) எந்தப் பக்கம் போகிறது என்று அந்தத் தெருவில் வயசானவர் ஒருவரிடம் கேட்டால் புரோக்கர் சொல்லாததை எல்லாம் அவர் சொல்லிவிடுவார். கண்மாய் எல்லைக்குள் இருக்கிற இடம் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது கூட்டிப்போனால் போகவே வேண்டாம். கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, என்றைக்காவது நோட்டீஸ் வரும், கட்டிய காசும் போகும். அதைவிட, கண்மாய்க்குள் வீடு கட்டுவதே தப்பு. அந்த இடம் தண்ணீருடையது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொசு அதிகம், ஜன்னலுக்கு வலை அடிக்காமல் குடிவர வேண்டாம். ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டால் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, சாக்கடை கலக்கிற முனையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கரையில் விளக்கு எல்லா இடத்திலும் இல்லை, இருட்டின பிறகு பெண்கள் தனியாக நடக்கத் தயங்குகிறார்கள், இதை மாநகராட்சி முதலில் சரிசெய்ய வேண்டும், கண்மாய்க்குப் பூங்கா, படகு என்றெல்லாம் யோசிப்பதற்கு முன்னால். உள் தெருக்கள் குறுகல், ரெண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும்.

விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து மதுரையின் இந்தத் தென்மேற்குப் பக்கத்தையே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஈடாடி அய்யனார் கோயில் இருக்கிற பழைய ஊர்ப்பகுதியில் இன்னும் கிராமத்து வழக்கம் போகவில்லை, புதிதாகக் குடிவந்தவர்களை “எந்த ஊருப்பா, யாரு வீட்டுல இருக்கீங்க” என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் வந்து நிற்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

வாடகைக்கு வருகிறீர்கள் என்றால் முதல் மாடியாகப் பாருங்கள், மேற்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் கண்மாய்க்காற்று வரும், பிற்பகல் வெயிலும் வரும், அதற்கு ஒரு மூங்கில் தட்டி போதும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் வந்து தெருவைப் பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் மாநகராட்சிக் குழாய் எத்தனை நாளைக்கு ஒருதடவை வருகிறது, போர் எத்தனை அடி, சித்திரை, வைகாசியில் லாரி வாங்கினால் காசு யாருடையது என்ற மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.