90 நாளும் 540 நாளும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு உள்ள மருத்துவ விடுப்பு எப்படி என்று கேட்டால், என் வரையில் குறை சொல்ல மாட்டேன். திருமங்கலம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான், 22 வருட சர்வீஸ். போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு 45 நாள் மருத்துவ விடுப்பு (எம்.எல்.) போட்டேன். போகும்போது டாக்டர் சான்று, திரும்பும்போது உடல்தகுதிச் சான்று. சம்பளம் தாமதமாக வந்தாலும் முழுசாக வந்தது.

ஆனால் எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் தம்பிக்கு இது போதவில்லை. நான்குவழிச் சாலையில் பைக் விபத்து. தொடை எலும்பில் கம்பி வைத்து, ஆறு மாதம் ஊன்றக் கூடாது என்றார்கள். மூன்று வருட சர்வீஸ்காரருக்கு எம்.எல். மொத்தமே 90 நாள்தான். 20 வருடம் தாண்டியவர்களுக்கு சர்வீஸ் முழுமைக்கும் 540. அந்தத் தொண்ணூறும், வேலை பார்த்த காலத்துக்குச் சேர்ந்திருந்த ஈட்டிய விடுப்பும் தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு. வீட்டில் கைக்குழந்தை, வாடகை. ஒருநாள் போன் செய்து, “டீச்சர், உங்க லீவுல ஒரு மாசம் எனக்குக் குடுக்க முடியுமா?” என்று கேட்டார். கொடுக்க மனசு இருந்தது, விதியில் வழி இல்லை.

டெக்சாஸில் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் சித்தி மகளிடம் இதைச் சொன்னேன். அங்கே மாநிலச் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 5 நாள் விடுப்புதான். நம்மைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் அவளுடைய பள்ளி மாவட்டத்தில் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) விடுப்பு வங்கி இருக்கிறது. அதில் சேரும்போது ஆளுக்கு ஒரு நாள் விடுப்பைப் போடுகிறார்கள். சொந்த விடுப்பு தீர்ந்த பிறகும் பெரிய நோய் விடாவிட்டால், டாக்டர் சான்று காட்டி அதிலிருந்து எடுக்கலாம். போட்ட நாள் திரும்ப வராது. வராவிட்டால் என்ன?

தலைமையாசிரியர் அறையில் என் பணிப்பதிவேட்டைப் புரட்டினேன். 540-இல் நான் எடுத்தது இதுவரை 112 நாள். ஈட்டிய விடுப்பையாவது ஓய்வு பெறும்போது 240 நாள் வரை காசாக்கலாம். எம்.எல். அப்படியே காலாவதிதான். அந்த 428 நாளில் முப்பதை அந்தத் தம்பிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு எதுவும் குறைந்திருக்காது.

நம் மருத்துவ விடுப்புக்கு ஐந்துக்கு மூன்று மார்க் கொடுக்கிறேன். பழைய ஆட்களுக்கு நல்ல ஏற்பாடு, புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய நோவு வந்தால் கைவிட்டுவிடுகிறது.

தம்பி இப்போது ஊன்றுகோலோடு வருகிறார். அவர் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம். விடுப்பு வங்கி வேண்டும் என்று ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதுவரை 14 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.