தட்டச்சு செய்து துப்பறிவதா, தொட்டு நகர்வதா?

போனில் விளையாடும் எழுத்துவழி மர்ம விளையாட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கட்டளையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். மற்றதில் திரையில் வரும் தேர்வைத் தொட்டால் போதும்.

துப்பறியும் சுகம் முதல் வகையில்தான். 1982இல் கணினி விளையாட்டாக வந்த 'டெட்லைன்' அப்படிப்பட்டது. விளையாட்டுக் கடிகாரப்படி 12 மணி நேரத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும். எதை ஆராய்வது, யாரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் நமக்கே தோன்ற வேண்டும். தொடும் வகையில் 'இழுப்பறையைத் திற' என்று வந்தாலே, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் சின்னத் திரையில் விசைப்பலகை பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பயணத்தில் ஒரு கையால் விளையாடத் தொடும் வகையே சரி. நேரம் இருந்தால் தட்டச்சு வகையைத்தான் எடுப்பேன், கூடவே குறிப்பெழுத ஒரு தாளும்.