அமெரிக்க குடும்ப விசா மனு ஐ-130க்கு "ப்ரீமியம்" போட்டுத் தர்றோம்னு யார் சொன்னாலும் பணம் குடுக்காதீங்க, எங்க கேஸே போயிருக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் என் சித்தி பொண்ணு ஒரு விசா கன்சல்டன்சியோட வாட்ஸ்அப் மெசேஜை அனுப்பி, "அக்கா, இது நல்ல இடமா? என் ஃப்ரெண்டு பணம் கட்டப் போறா"ன்னு கேட்டா. ஆபீஸ் பேர் வேற, லோகோ வேற, ஆனா கீழ இருந்த போன் நம்பர் எங்களை ஏமாத்தினவங்களோட அதே நம்பர். அதான் இன்னிக்கு உக்காந்து முழுசா எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், புருஷன் பொண்டாட்டி ஆளுக்கொரு தேசத்துல இருந்துக்கிட்டு அமெரிக்க விசாவுக்குக் காத்துட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

எங்க கல்யாணம் 2022 பிப்ரவரி, திருச்சில. எங்க வீட்டுக்காரர் அமெரிக்க சிட்டிசன், டல்லாஸ் பக்கம் வேலை. மூணு வாரம் லீவுல வந்தார், தாலி கட்டினார், போயிட்டார். ஏப்ரல்ல ஐ-130 மனுவை ஆன்லைன்ல போட்டார், அப்போ ஃபீஸ் 535 டாலர். சிட்டிசனோட மனைவிக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான்னு கோட்டா எல்லாம் கிடையாது, அதனால சீக்கிரம் வந்துடும்னு எல்லாரும் சொன்னாங்க. கோட்டா இல்லைங்கறது நிஜம்தான், ஆனா மனுவை எடுத்துப் பாக்கற யூஎஸ்சிஐஎஸ்ங்கற அமெரிக்கக் குடியேற்ற ஆபீஸ்ல க்யூ இருக்கே, அதை யாரும் சொல்லல. ஐஓஇன்னு ஆரம்பிக்கற அந்த ரசீது நம்பர் எனக்கு இப்பவும் மனப்பாடம், தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி போன்ல அடிச்சுப் பாப்பேன், "கேஸ் வாஸ் ரிசீவ்டு"ன்னே இருக்கும், காலைல எழுந்ததும் பல்லு விளக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை.

அனுபவிச்சவங்களுக்குத்தான் இது தெரியும். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வீடியோ கால்ல. அத்தை பாவம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா கோயிலுக்குப் போனா, விசேஷத்துக்குப் போனா, "என்னம்மா இன்னும் போகலையா, ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேக்காத ஆள் கிடையாது. வேலையையும் விட்டுட்டேன், எப்படியும் கிளம்பிடுவோம்னு. அது நான் பண்ணின பெரிய தப்பு, காத்திருக்கற காலத்துல வேலையை மட்டும் விடாதீங்க, சம்பளத்துக்காக மட்டும் சொல்லல, நாள் நகரணும்ல.

பத்து மாசம் இப்படிப் போச்சு. 2023 பிப்ரவரில ஒரு சொந்தக்காரர் மூலமா இந்த கன்சல்டன்சி ஆபீஸ் தெரிய வந்துச்சு. ஏசி ரூம், சுவர் முழுக்க விசா ஸ்டாம்ப் போட்ட பாஸ்போர்ட் போட்டோ, அந்த ஆள் நல்லா பேசினார், "சிஸ்டர், சிஸ்டர்"னு ரொம்ப மரியாதையா. "சாதாரண க்யூல நிக்கறீங்க சிஸ்டர், ப்ரீமியம்ல மாத்திட்டா 45 நாள்ல அப்ரூவல்"னு சொன்னார். இங்கதான் நாங்க விழுந்தோம், ஏன்னு சொல்றேன். எங்க சொந்தத்துல எச்1பி வேலை விசால இருக்கறவங்க நெறைய, அவங்க பேச்சுல எப்பவும் "ப்ரீமியம் போட்டாச்சா, கம்பெனி ப்ரீமியம் குடுத்துச்சா"ன்னு ஓடிட்டே இருக்கும். அதனால ப்ரீமியம், அதாவது கூடுதல் ஃபீஸ் கட்டி மனுவைச் சீக்கிரம் பாக்க வைக்கறது, எங்களுக்குப் பழகின வார்த்தை, எல்லா மனுவுக்கும் இருக்கும்னு நினைச்சுட்டோம். இல்லைங்க. அது ஐ-129, ஐ-140 மாதிரி வேலை சம்பந்தப்பட்ட மனுக்களுக்கும் இன்னும் ஒண்ணு ரெண்டு ஃபார்முக்கும்தான். குடும்பத்துக்காகப் போடற ஐ-130க்கு ப்ரீமியமே கிடையாது, எத்தனை டாலர் குடுத்தாலும் கிடையாது. இந்த ஒரு விஷயம் அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் படியிலேயே ஏறியிருக்க மாட்டேன்.

முதல்ல 85,000. என் வளையல் ரெண்டை அடகு வச்சுக் கட்டினேன், வீட்டுக்காரருக்குக்கூட கட்டின பிறகுதான் சொன்னேன். ரசீது கேட்டதுக்கு "கன்சல்டிங் சார்ஜ்"னு ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாங்க. ஒரு மாசம் கழிச்சு ஒரு பிடிஎஃப் வந்துச்சு, மேல கழுகு முத்திரை, உங்க கேஸ் துரித பரிசீலனைக்கு எடுத்துக்கப்பட்டதுன்னு இங்கிலீஷ்ல. அம்மா அதை பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குக் கீழ வச்சு விளக்கேத்தினாங்க. அதுக்கப்புறம் இன்னொரு 60,000, "ஆபீசர் லெவல்ல ஃபைல் நகர்த்த"ன்னு. மொத்தம் 1,45,000.

அந்த லெட்டரை இப்ப எடுத்துப் பாத்தா வயிறு எரியுது, எல்லாமே கண்ணு முன்னாடி இருந்திருக்கு. தேதி 14/03/2023ன்னு போட்டிருந்துச்சு. அமெரிக்காக்காரங்க மாசத்தை முதல்ல போடுவாங்க, நிஜ லெட்டரா இருந்தா 03/14/2023ன்னுதான் இருக்கும். ரசீது நம்பர்னா மூணு எழுத்து, அதுக்கப்புறம் பத்து நம்பர், மொத்தம் 13. இதுல ஒரு நம்பர் குறைவு. லெட்டர் வந்த மெயில் ஐடி டாட் காம்னு முடியுது. அரசாங்க மெயில் டாட் ஜிஓவின்னுதான் முடியும். நானும் படிச்ச பொண்ணுதான், ஆனா ஆசையா ஒரு லெட்டருக்காகக் காத்துட்டு இருக்கறப்போ எண்ணிப் பாக்கத் தோணாது.

பணம் போனதுகூடப் பெருசில்ல. இதுக்கப்புறம் நடந்ததுதான் எங்களைக் கொன்னிருக்கும்.

"ஃபாலோ-அப் நாங்களே பண்ணிக்கறோம், சாரோட யூஎஸ்சிஐஎஸ் அக்கவுண்ட் பாஸ்வேர்டு குடுங்க"ன்னு கேட்டாங்க. நான் அழுது புலம்பி, அவர் வேணாம் வேணாம்னுட்டு கடைசில எனக்காகக் குடுத்தார். அக்கவுண்ட்ல இருந்த மெயில், போன் நம்பர், லெட்டர் வர்ற அட்ரஸ் மூணையும் அவங்க மாத்திட்டாங்க, "எங்க அமெரிக்கா பார்ட்னர் ஆபீஸ் அட்ரஸ்"னாங்க. "நீங்களும் உள்ள போனா சிஸ்டம் லாக் ஆயிடும் சார், நீங்க தொட வேணாம்"னு ஒரு பயமும் காட்டி வச்சாங்க. நாங்களும் தொடல.

செப்டம்பர் கடைசில அவர் ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒருத்தர் பேச்சுவாக்குல, "ஐ-130க்கு ப்ரீமியமா? அப்படி ஒண்ணு கிடையாதே"ன்னு சொல்லியிருக்கார். அன்னிக்கு ராத்திரியே அவர் உள்ள போய்ப் பாத்தார். வெரிஃபிகேஷன் கோட் அவங்க போனுக்குப் போகுது. நல்ல வேளை, முதல்ல அக்கவுண்ட் ஆரம்பிக்கறப்போ குடுத்த பேக்கப் கோடை டைரில எழுதி வச்சிருந்தார், அதைப் போட்டு உள்ள போனார். உள்ள ஜூலைலயே வந்த ஒரு நோட்டீஸ் கிடக்குது. ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்டு வர்ற லெட்டர். இந்தக் கல்யாணம் நிஜமான கல்யாணம்தான்னு காட்ட இன்னும் ஆதாரம் வேணும், 87 நாளுக்குள்ள அனுப்புங்க, இல்லேன்னா மனு தள்ளுபடி ஆகலாம்னு. 76 நாள் ஓடிப் போச்சு. மிச்சம் 11 நாள். காகித லெட்டர் யாரோ ஒருத்தர் வீட்டு அட்ரஸுக்குப் போயிருக்கு. இவங்க அதைப் பாத்தும் வாயைத் திறக்கலையா, இல்ல பாக்கவே இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அந்த 11 நாளை மறக்கவே முடியாது. கல்யாண ஆல்பத்துல ரெண்டு குடும்பமும் இருக்கற போட்டோவாப் பொறுக்கினோம், அவர் வந்துபோன ஃப்ளைட் டிக்கெட், ஜாயின்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், எல்ஐசில அவர் பேரை நாமினியா போட்ட பேப்பர், வாட்ஸ்அப் கால் லிஸ்ட்டை மாசம் மாசமா ஸ்க்ரீன்ஷாட், ரெண்டு வீட்டுப் பெரியவங்ககிட்டயும் நோட்டரி போட்டு அஃபிடவிட். கல்யாணப் பத்திரிகை தமிழ்ல இருந்துச்சு. தமிழ்ல என்ன பேப்பர் குடுத்தாலும் முழு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், மொழிபெயர்த்தவர் எனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், அதுக்கு நோட்டரிகூடத் தேவையில்ல. எங்க சித்தப்பா ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். "நிகழும் மங்களகரமான பிலவ வருடம் தை மாதம்" வரியை எப்படி எழுதறதுன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அடிச்சு அடிச்சு எழுதினார். ஒன்பதாவது நாள் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தினோம். டிசம்பர்ல அப்ரூவல் வந்துச்சு, நிஜ அப்ரூவல்.

நடுவுல ஒரு தடவை "டூரிஸ்ட் விசால போயிடுங்க சிஸ்டர், மனு போட்டிருக்குன்னு சொல்லவேணாம்"னும் சொன்னாங்க. இதுக்கு மட்டும் எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கவே இல்ல, அவருக்குக் கோடி புண்ணியம். டூரிஸ்ட் விசாவுக்குப் போடற டிஎஸ்-160 ஃபார்ம்லயே உங்களுக்காக யாராவது இமிக்ரன்ட் மனு போட்டிருக்காங்களான்னு நேரா ஒரு கேள்வி இருக்கு. அதுல இல்லைன்னு பொய் சொல்லி மாட்டினா அமெரிக்காவுக்குள்ள வாழ்நாள் தடை வரைக்கும் போகும், ஏஜென்ட் சொன்னார்னு சொல்லித் தப்பிக்க முடியாது, கீழ கையெழுத்து நம்மளோடது.

கேஸ் லேட்டாகுதுன்னா காசில்லாமப் பண்ண நிஜமாவே வழி இருக்கு, எங்களுக்கு யாரும் சொல்லல. யூஎஸ்சிஐஎஸ் சைட்ல ப்ராசஸிங் டைம்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க போட்டிருக்கற காலம் 80 சதவீதம் கேஸ் முடியற காலம், நூறு சதவீதம் இல்ல, அதை மனசுல வச்சுக்கோங்க. உங்க ரசீது தேதியை அங்க போட்டா எந்தத் தேதிக்கு மேல நீங்க கேள்வி கேக்கலாம்னு காட்டும், அதுக்கப்புறம் ஆன்லைன்ல கேக்கறது இலவசம். எக்ஸ்பெடைட், அதாவது கேஸை முன்னாடி எடுக்கச் சொல்லிக் கேக்கறது, நிஜமாவே உண்டு, அதுக்கும் தனி ஃபீஸ் கிடையாது, ஆனா உயிருக்கு ஆபத்தான உடம்பு நிலைமை, பெரிய பண நஷ்டம், யூஎஸ்சிஐஎஸ் பண்ணின தப்பு, இப்படிக் காரணமும் ஆதாரமும் வேணும், பிரிஞ்சிருக்கறது கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொன்னா பொதுவா எடுத்துக்க மாட்டாங்க. அதோட உங்க வீட்டுக்காரர் இருக்கற தொகுதியோட காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. ஒரு சம்மத ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு கேஸ் எங்க நிக்குதுன்னு அவங்களே விசாரிச்சுச் சொல்வாங்க. நாங்க ஆர்எஃப்இக்குப் பதில் போட்டுட்டு இதைப் பண்ணினோம், சீக்கிரம் முடிச்சுக் குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா பதில் போய்ச் சேந்துச்சு, ஆபீசர்கிட்ட இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்ச அன்னிக்குத்தான் ஒழுங்காத் தூங்கினேன்.

உதவி வேணும்னா வக்கீல்கிட்ட போங்க, தப்பே இல்ல. ஆனா அமெரிக்க இமிக்ரேஷன்ல உங்களுக்காகப் பேசற உரிமை அங்க லைசென்ஸ் வாங்கின வக்கீலுக்கும் அந்த நாட்டு நீதித் துறை அங்கீகரிச்ச ஆளுக்கும்தான். வக்கீல் பேரை அவர் மாநில பார் சைட்ல தேடினா வரும். உங்க கேஸ்ல வர்றவர் ஜி-28 ஃபார்ம்ல தன் பேரைப் போட்டுத்தான் வருவார், உங்க பாஸ்வேர்டை வாங்கிட்டு உங்களை மாதிரியே உள்ள நுழைய மாட்டார்.

அப்ரூவலுக்கு அப்புறமும் காத்திருப்பு இருக்குங்க, கேஸ் என்விசிங்கற விசா மையத்துக்குப் போகும், அங்க 325 டாலர், 120 டாலர்னு ரெண்டு ஃபீஸ், ரெண்டையும் அரசாங்க சைட்லயே கட்டணும், அப்புறம் மும்பை இன்டர்வியூ. எனக்கு 2024 செப்டம்பர்ல கிடைச்சுது. சும்மா இருக்கற நாள்ல பேப்பரைச் சரி பண்ணி வைங்க. என் பர்த் சர்டிஃபிகேட்ல பேரே இல்ல, "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருந்துச்சு, கார்ப்பரேஷன்ல அலைஞ்சு பேரைச் சேத்தேன். பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, மார்க் ஷீட்ல இனிஷியலோட ஒரு மாதிரி பேர் இருந்தா அதையும் இப்பவே பாருங்க.

ஏமாத்தினவங்க விஷயத்துக்கு வர்றேன். சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணினேன், ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர்ங்கற புகார் ரசீது காப்பி வாங்கினேன், அதைக் காட்டினதும் 40,000 திருப்பிக் குடுத்தாங்க, மிச்சத்துக்கு இழுத்தடிச்சு ஒரு நாள் ஆபீஸே காலி. பணம் போனா உடனே, அன்னிக்கே கூப்பிடுங்க, நான் மாசக்கணக்கா விட்டுட்டேன்.

இன்னொண்ணு மனசுல கிடந்து உறுத்திட்டே இருக்கு. நான் ரெண்டாவது தடவை பணம் கட்டப் போனப்போ அங்க ஒரு பெரியவர் உக்காந்திருந்தார், அறுபது வயசு இருக்கும், மஞ்சப் பைக்குள்ள ஃபைலை மடில வச்சுக்கிட்டு. அவரோட அக்கா அமெரிக்காவுல இருந்து இவருக்கு மனு போட்டிருக்காங்களாம், "தேதியை முன்னாடி நகத்தித் தர்றோம்"னு அவர்கிட்டயும் வாங்கியிருக்காங்க. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி மனுவுக்கு உலகம் முழுசுக்கும் சேத்து வருஷத்துக்கு 65,000 விசாதான், அதுலயும் ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு. இந்தியாவுல 2006ல போட்டவங்களுக்கே 2025லதான் நம்பர் வந்துட்டு இருந்துச்சு. அந்தத் தேதி மாசா மாசம் அமெரிக்க வெளியுறவுத் துறை போடற விசா புல்லட்டின்ல வரும், யாராலயும் ஒருத்தருக்காக மட்டும் நகத்த முடியாது. நான் அன்னிக்கு அவர்கிட்ட, "எனக்கு லெட்டரே வந்துடுச்சு ஐயா, நம்பிக் கட்டுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவர் பேர்கூட கேக்கல. லால்குடி பக்கத்துல இருந்து பஸ்ல வந்தேன்னு மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் யாருக்காவது இப்படி ஒருத்தரைத் தெரிஞ்சா இதை அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க, இனிமே அவங்களுக்கு ஒரு ரூபாகூடக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க.